குதிரையோடு வந்த கிடா

அந்தக் கிடாயின் கறி வேகவே இல்லை. காலையில் பத்து மணிக்கு அடுப்பில் ஏற்றியது, மூன்று மணிக்கும் பல்லில் இழுத்தது. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற லைன் வீட்டுப் பெண்கள் பப்பாளிக்காய்த் துண்டு போட்டார்கள், கொட்டாங்குச்சி போட்டார்கள், கடைசியில் முதலாளியைக் கேலி பேச ஆரம்பித்தார்கள்.

“வருசா வருசம் எளங்கிடாயாத்தான் அனுப்புவாரு. இந்த வருசம் எங்கியோ கெடந்த கெழட்டக் கட்டி உட்டுட்டாருங்கம்மா” என்றாள் லைனில் எல்லோருக்கும் மூத்தவளான அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொல்லி என்னை நல்லவளாக்கிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை.

எங்கள் எஸ்டேட் ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேடு போகிற வழியில் இருக்கிறது. எங்கள் என்பது வாய்ப் பழக்கம். என் வீட்டுக்காரர் அங்கே கணக்கு எழுதுகிற ரைட்டர், எனக்கு பங்களாவைப் பார்த்துக்கொள்கிற வேலை. முதலாளி சென்னையில் இருக்கிறார். வருடத்துக்கு இரண்டு தடவை வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போவார். அவருக்குக் காப்பித் தோட்டத்தைவிட ரேஸ் குதிரைகள் மேல்தான் உயிர். பங்களா ஹாலில் பெரிய போட்டோ ஒன்று மாட்டியிருக்கிறது. ரேஸில் ஜெயித்தால் குதிரையின் சொந்தக்காரரே கயிற்றைப் பிடித்து, கூட்டம் கை தட்ட, அதை நடத்தி வருவது வழக்கமாம். முதலாளி கோட்டுப் போட்டுக்கொண்டு, பட்டுப்புடவை கட்டிய அவர் வீட்டம்மாவோடு, ஒரு பழுப்புக் குதிரையை நடத்தி வருகிறார். குதிரையின் மறுபக்கத்தில் இன்னொரு கை கயிற்றைப் பிடித்திருக்கும். கை மட்டும்தான். ஆள் போட்டோவில் இல்லை. மூன்று நாலு வருடம் அந்தக் கண்ணாடியைத் துடைத்திருக்கிறேன். யாருடைய கை என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

போட்டோவில் இருந்த குதிரை ஓர் ஆனி மாதம் நேரிலேயே வந்து சேர்ந்தது. முன்னங்கால் நரம்பு வீங்கி, இனி ஓடாது என்று சொல்லிவிட்டார்களாம். ஓய்வாக இருக்கட்டும் என்று முதலாளி எஸ்டேட்டுக்கு அனுப்பினார். நீளமாக ஓர் இங்கிலீஷ் பெயர் அதற்கு. எங்கள் ஒருத்தர் வாயிலும் நுழையவில்லை. குதிரை என்றே கூப்பிட்டோம்.

லாரிக் கதவைத் திறந்ததும் முதலில் இறங்கியது குதிரை இல்லை, ஒரு கருப்புக் கிடா. கழுத்தில் வெண்கல மணி. பலகையில் டக்டக்கென்று இறங்கி, நாலு பக்கமும் பார்த்துவிட்டு, பங்களா அதற்கே எழுதி வைத்ததுபோல என் டேலியாச் செடிப் பக்கம் போனது. அதற்குப் பின்னால்தான் குதிரை இறங்கியது. கூட வந்த குதிரைக்காரர் ஐம்பது வயதிருக்கும், சென்னைக்காரர், ஒல்லியான மனிதர். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. லாரி டிரைவர், இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டும் என்று பறந்தார். குதிரைக்காரர் என் வீட்டுக்காரரிடம் இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு தாளைக் கொடுத்தார். எத்தனை மணிக்கு ஓட்ஸ், எத்தனை மணிக்குக் கொள்ளு, லாடம் எப்போது மாற்றுவது என்று எல்லாம் அதில் இருந்தது. கிடாயைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஆனால் லாரியில் ஏறும்போது அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னார். “ரெண்டும் ஒண்ணா இருந்துக்கும்மா. ஒரு தொந்தரவும் குடுக்காது.”

சொன்னார். நான் கேட்டேன். சரிங்கண்ணா என்று தலையும் ஆட்டினேன்.

ஜீப் நிற்கிற ஷெட்டைக் குதிரைக்கு ஒதுக்கியிருந்தோம். கிடாயும் அதற்குள்ளேயே படுத்துக்கொண்டது. குதிரை என்றால் ஏதோ ராஜா என்று நினைத்திருந்தேன். கிட்டத்தில் பார்த்தால் பயந்த சுபாவம். பலா மரத்திலிருந்து இலை விழுந்தால்கூட உடம்பு நடுங்கும். அப்படி நடுங்கும்போதெல்லாம் தலையைக் குனிந்து கிடாயின் முதுகில் மூக்கை வைத்துக்கொள்ளும். கிடா அசைபோட்டுக்கொண்டே நிற்கும், ஏதோ கடன்காரன் வந்து தோளில் கை போட்டதுபோல ஒரு சலிப்போடு. காலையில் நான் கொள்ளு கொண்டுபோனால் முதல் வாய் கிடாய்க்கு. அது ஒரு வாய் எடுத்த பிறகுதான் குதிரை வாளிக்குள் தலையை விடும். இதையெல்லாம் என் கண்ணால் பார்த்தேன். ஒருநாள் இல்லை, மூன்று வாரம் பார்த்தேன்.

கிடா என்னைப் படுத்திய பாடு வேறு கதை. டேலியா மொட்டு ஒன்று மிச்சமில்லை. பீன்ஸ் கொடி போனது, சௌசௌ பந்தலில் எட்டிய வரைக்கும் காலி. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் என்று என் வீட்டுக்காரர் எப்போதும் சொல்வார். ஆடி பிறந்து ஒரு காலை, ஈரம் காயப் போட்டிருந்த என் நல்ல சேலையின் முந்தானையைக் கடித்து நூலாக்கி வைத்திருந்தது. தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்த சேலை. “உன்னையக் கொண்டுபோயி வெட்டிப் போட்டாத்தான் எனக்கு நிம்மதி” என்று கத்திக்கொண்டே விளக்குமாற்றோடு துரத்தினேன்.

அந்த நேரத்தில்தானா லைன்காரர்கள் வரவேண்டும்! ஆடி மாதம் லைனில் மாரியம்மனுக்கு நோம்பி, கிடா வெட்டுகிற திருவிழா. ஒவ்வொரு வருடமும் முதலாளி ஒரு கிடா கொடுப்பார். யார் மூலமாவது வந்து சேரும். அந்த வருடம் அதுவரை எதுவும் வரவில்லை. மூத்த அக்காவும் இன்னும் இரண்டு பேரும் வாசலில் வந்து நின்றார்கள்.

“ஏனுங்கம்மா, குதிரையோட வந்த கெடா நம்ம நோம்பிக்குத்தானுங்களே?”

என் வீட்டுக்காரர் உள்ளிருந்து வந்தார். “மொதலாளிய ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?” என்றார். தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறினால்தான் எங்களுக்குச் செல்போன் எடுக்கும். ஐந்து நிமிட நடை. அவ்வளவுதான்.

“ஒவ்வொண்ணுக்கும் அவரையே கேட்டுட்டு இருப்பீங்களாக்கும்?” என்று அவரைக் கடித்தேன். அக்காவிடம் திரும்பி, “பின்னெ எதுக்கு வந்துச்சு? புடிச்சிட்டுப் போங்க” என்றேன்.

சொன்ன அடுத்த நொடியே மனசுக்குள் ஏதோ இடறியது. ரெண்டும் ஒண்ணா இருந்துக்கும்மா என்ற குரல் காதில் வந்தது. அதை அப்படியே முழுங்கிவிட்டேன். கையில் நூலாய்த் தொங்கிய முந்தானை இருந்தது. வெண்கல மணி வீணாகப் போகவேண்டாம் என்று நானே கிடாயின் கழுத்திலிருந்து கழற்றி, சமையலறைக் கதவோரம் சாவி மாட்டுகிற ஆணியில் மாட்டினேன். ஷெட்டைத் தாண்டி அவர்கள் அதை இழுத்துக்கொண்டு போனபோது குதிரை ஒரு கத்துக் கத்தியது. குதிரை என்றால் கத்தத்தானே செய்யும் என்று நான் உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் வாளியில் போட்ட கொள்ளு போட்டபடி இருந்தது. சாயங்காலம் ஓட்ஸையும் தொடவில்லை. சளி பிடித்திருக்கும், மழைக்காலம்தானே என்றோம். மூன்றாம் நாள் ஷெட் கதவுக்குமேல் தலையை நீட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட ஆரம்பித்தது. தொட்டில் ஆடுகிற மாதிரி, நிற்காமல். தரையில் அதன் குளம்பு பட்ட இடம் பள்ளமாகிவிட்டது. கேரட் கொடுத்தேன், வெல்லம் கொடுத்தேன், சேலத்திலிருந்து குதிரைமசால் தீவனக் கட்டு வரவழைத்தோம். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மாட்டு டாக்டர் வந்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார், ஊசி போட்டார். “நோவு எதுவும் தெரியலீங்க. எடம் மாறுன ஏக்கமா இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார். விலா எலும்பு ஒவ்வொன்றாக வெளியே தெரிய ஆரம்பித்தது.

எனக்குத் தெரியும். டாக்டர் ஏக்கம் என்று சொன்னபோதே தெரியும். என் வீட்டுக்காரருக்கும் தெரியும், ஆனால் என் வாய்க்குப் பயந்து அவர் எதுவும் சொல்லவில்லை. ஆறாம் நாள் அவர், குதிரைக்காரர் கொடுத்த தாளின் அடியில் இருந்த நம்பரை எடுத்துக்கொண்டு தொட்டி மேட்டுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். குதிரைக்காரர் எடுத்தார். குதிரை சாப்பிடவில்லை என்று இவர் சொல்லி முடிக்கவில்லை, அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது. ஸ்பீக்கரில் நன்றாகக் கேட்டது.

“ஆடு எங்க சார்?”

இவர் என்னைப் பார்த்தார். நான் போனைப் பிடுங்கினேன். “அது ரெண்டு மூணு நாளாக் காணோமுங்கண்ணா. சிறுத்தை தூக்கிட்டுப் போயிருக்குமாட்ட இருக்குதுங்க.”

பொய் எவ்வளவு சுளுவாக வாயில் வந்தது! “நான் வர்றேன்மா” என்று அவர் போனை வைத்துவிட்டார்.

அடுத்த நாள் மத்தியானமே வந்துவிட்டார். சேலத்தில் பஸ் மாறி, ஏற்காடு ஒண்டிக்கடையில் இறங்கி, ஒரு ஜீப்பைப் பிடித்து வந்தாராம். கையில் ஒரு பை மட்டும். நேராக ஷெட்டுக்குப் போய்க் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். அது அவர் சட்டைப் பையில் மூக்கை வைத்து ஊதியது. நான் காபி போட்டு, சமையலறைக் கதவுக்குக் கூப்பிட்டேன். டம்ளரை வாங்கக் கை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் பார்வை என் தோளுக்கு மேலே ஆணிக்குப் போயிருந்தது. சாவிக் கொத்துக்குப் பக்கத்தில் மணி தொங்கியது.

“மணிய கழட்டி வெச்சுட்டாம்மா சிறுத்தை தூக்கினு போச்சு?”

கோபமாகக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன், எனக்கா வாய் இல்லை? அவர் திட்டவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்தேன். நோம்பி என்று மட்டும் என் வாயிலிருந்து வந்தது.

அவர் மணியை ஆணியிலிருந்து எடுத்தார். எடுக்கும்போது ஒரு முறை அடித்துவிட்டது. அவ்வளவுதான், ஷெட்டிலிருந்து குதிரை அலறியது. ஏழு நாளில் அப்படி ஒரு குரல் அதனிடம் கேட்கவில்லை. ஓடிப் போய்ப் பார்த்தோம். கதவிடம் வந்து நின்று, காதை நீட்டிக்கொண்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் எங்கள் முழங்கால் உயரத்தில் தேடியது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், என் சேலைக்குப் பின்னால். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

குதிரைக்காரர் தன் கைக்குட்டையைக் கிழித்து மணியின் நாக்கில் சுற்றிக் கட்டி என்னிடமே கொடுத்தார். “இத இனிமே ஆட்டாதீங்கமா. அது நம்பிடும்.”

பிறகு, “ஐயாகிட்ட சிறுத்தைன்னே சொல்லிக்கலாம். இல்லாங்காட்டி லைன்ல இருக்கறவங்க பொழப்பு போயிடும்” என்றார். அவர் அவர்களைத்தான் காப்பாற்றினார். அவர்களோடு சேர்த்து நானும் தப்பித்தேன்.

ஒன்பது நாள் லீவு போட்டு அவர் எங்களோடு இருந்தார். பக்கத்துச் செம்மநத்தத்திலிருந்து வேறொரு ஆட்டை வாங்கி வந்து விட்டுப் பார்த்தோம். குதிரை ஒருமுறை முகர்ந்துவிட்டுக் காதைப் பின்னால் மடித்துக்கொண்டது. ஆடு சுவரோடு ஒண்டி நின்று கத்தியது. மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டோம். கடைசியில் அவரே கிடா படுக்கிற இடத்தில் வைக்கோலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்தபடியே வாளியிலிருந்து ஒரு பிடி கொள்ளை எடுத்துத் தன் வாயில் போட்டு மென்றார். குதிரை பார்த்துக்கொண்டே இருந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் வாளிக்குள் தலையை விட்டது.

பங்களா ஹாலுக்கு அவரை ஒருநாள் கூட்டிப் போனேன். போட்டோவில் அந்தக் கையைத் தொட்டுக் காட்டி, “இது நான்தாம்மா” என்றார். சொல்லிவிட்டு, அந்தக் குதிரையின் கதையைச் சொன்னார். இரண்டு வயதில் பண்ணையிலிருந்து வந்தபோது சுவரை உதைத்து உதைத்துக் காலை ரத்தமாக்கிக்கொள்ளுமாம். இப்படிப்பட்ட குதிரைகளோடு ஆட்டைக் கட்டுவது ரேஸ்காரர்களின் பழைய வழக்கம். ஒரு குட்டியை உள்ளே விட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து ஆறு வருடம் அதே ஆடுதான். ஊட்டிக்குப் போனாலும், பெங்களூருக்குப் போனாலும் முதலில் ஆடு லாரியில் ஏறவேண்டும். மணிச் சத்தத்துக்குப் பின்னாலேயே குதிரை ஏறும்.

“ஓடி முடிச்ச குதிரையெல்லாம் எங்கங்கண்ணா போவுது?” என்று கேட்டேன்.

“நல்ல பரம்பரைப் பொட்டையா இருந்தா குட்டி போட அனுப்புவாங்க. பெரிய கப் அடிச்ச ஆணுக்கும் அந்த யோகம் இருக்கு. இது காயடிச்சதுமா. இந்த மாதிரி இருக்கறதுல சிலது சவாரி கத்துக் குடுக்கற எடத்துக்குப் போவும். சிலது கல்யாண ஊர்வலம், சிலது பீச்சு. மிச்சத்த நான் கேக்கறதில்ல. லாரியில ஏறச்சே தலையத் தடவி வுட்டுட்டு திரும்பிப் பாக்காம வந்துருவேன்.” கொஞ்ச நேரம் போட்டோவையே பார்த்தார். “இத்தினி வருசத்துல இது ஒண்ணுதான் எஸ்டேட்டுக்குப் போவுதுன்னாங்க. அதுவும் ஆட்டோட. அன்னிக்கு லாயம் முழுக்க நான் சுவீட் வாங்கிக் குடுத்தேம்மா.”

அவர் கிளம்புகிற அன்று, ஷெட்டில் அந்த வைக்கோலைக் காட்டி, “நான் ஒக்காந்த எடத்துல நீங்க ஒக்காருங்க. வேற ஒண்ணும் பண்ண வேணாம், பேசிக்கினு இருங்க” என்றார். மறுக்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

உட்கார்ந்தேன். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். முதல் பிடி கொள்ளு எனக்கு, பச்சையாக, பல் வலிக்க வலிக்க. என்ன பேசுவது என்று தெரியாமல் நாத்தனாரைப் பற்றிப் பேசினேன், மிளகு காய்ப்பைப் பற்றிப் பேசினேன், என் மூட்டு வலியைச் சொன்னேன். ரைட்டர் ஊட்டம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று லைனில் பேச்சு. பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். புரட்டாசியில் விலா எலும்பு மறைந்தது. ஐப்பசி மழையில் ஒருநாள் இடி இடித்தபோது குதிரை நடுங்கியபடி வந்து தலையைக் குனிந்து என் தோளில் வைத்தது. அதன் மூச்சு என் கழுத்தில் சுட்டது. அந்தக் கனத்தைத் தாங்கிக்கொண்டு நான் ஓவென்று அழுதேன்.

“நாந்தான் சாமி. உன்ற கெடாய நாந்தான் குடுத்தேன்” என்று சொன்னேன். ஒருமுறை இல்லை, பல தடவை சொன்னேன். அது காதை அசைத்தது. என் கையிலிருந்த கேரட்டைப் பதமாக எடுத்துக் கடித்தது. அதற்கு என்ன தெரியும்? தெரிந்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

தை மாதம் ஒருநாள் நாங்கள் தொட்டி மேட்டில் நின்றபோது முதலாளி போன் பண்ணினார். பங்களாவை ரிசார்ட்டாக மாற்றப் போகிறார்கள், ஷெட் வேண்டும், குதிரையை யாரோ கேட்டார்கள், கொடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை லாரி வரும். நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். இருபது வருடத்தில் முதலாளியிடம் அவர் எதிர்த்துப் பேசியது அன்றைக்கு மட்டும்தான். வீடும் முதலாளியுடையது, நிலமும் முதலாளியுடையது, எங்கே வைத்துக்கொள்வது? முதலாளி சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டார். குதிரைக்காரருக்குச் சொன்னோம். “லாரியில ஏறாதும்மா அது” என்றார்.

ஏறவில்லைதான். பலகையின் முன் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. இரண்டு பேர் முன்னால் இழுத்தார்கள், இரண்டு பேர் பின்னால் தள்ளினார்கள். வீங்கின காலில் பலகை விளிம்பு பட்டு ரத்தம் வந்தது. எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று டிரைவரைக் கேட்டேன். “பவானிப் பக்கம் ஒருத்தருகிட்ட எறக்கோணுங்க. அதுக்கு மேல தெரியாதுங்க” என்று சொல்லிக்கொண்டே வண்டிக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாயை எடுத்தார். முதல் அடி விழுந்தது. குதிரை திரும்பி என்னைப் பார்த்தது.

“நில்லுங்க!” என்று கத்தினேன். சமையலறைக்கு ஓடினேன். மணியை எடுத்து, நாக்கில் கட்டியிருந்த துணியைப் பல்லால் பிய்த்தேன். ஆட்டிக்கொண்டே வந்து, குதிரையைத் தாண்டி, பலகையில் ஏறி லாரிக்குள் போனேன்.

அது நம்பிவிட்டது. காதை நிமிர்த்தி, ஒரு சின்னக் கனைப்புக் கனைத்து, பலகையில் நான்கே எட்டில் ஏறி வந்தது. வந்து என் முழங்கால் உயரத்தில் தேடியது. நான் நின்ற மூலை முழுக்க மோந்து பார்த்தது. பிறகு தலையை என் தோளில் வைத்தது. லாரியின் குறுக்குக் கம்பிக்கடியில் குனிந்து நான் வெளியே வந்ததும் கதவைச் சாத்திவிட்டார்கள்.

டிரைவர் தாளில் என் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கினார். “கூட வேற எதாச்சும் ஏத்தணுமுங்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்க” என்றேன்.

லாரி கிளம்பியது. மணியை அதன் கழுத்திலாவது கட்டியிருக்கலாமே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கட்டியிருந்தால் வழி முழுக்கத் தேடிக்கொண்டே போகும். வளைவு தாண்டியும் அது கூப்பிடுகிற சத்தம் கேட்டது. நான் மணியின் நாக்கை விரலுக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.